சிவப்பு டியூபும் நான்கு வரிச் செய்தியும்

பாப்பா,

நேற்று புதன்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு நம் காரின் இரண்டு வைப்பர்களும் ஓடின. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஓடின. கண்ணாடி மேல் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றியபோதும் நிற்காமல் ஓடின. இதை உறுதிசெய்தவர் பொம்மிடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கரீம் பாய். பழுது பார்த்தவரும் அவரேதான். குடத்தை ஊற்றியவள் உன் அம்மா. நான் முன் சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரத்துக்கு மட்டும் நான் சாட்சி. உண்மையான மழையில், உண்மையான ஏற்றத்தில் அவை ஓடுமா என்பது இன்னும் தெரியாது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்து எழுதித்தான் இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துச் செய்திகளைப் பேப்பருக்கு அனுப்பிவருகிறேன். ஒரு முறை அப்படி எழுதவில்லை. அந்த ஒரு முறை நான் எழுதியது நம் காரையும் கரீம் பாயையும் பற்றி. காரை உன் கையில் ஒப்படைக்கும் முன் அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரியூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர நீ கிளம்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாய். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. வைப்பர் குமிழை இழுத்தாய்; வைப்பரின் இரண்டு கைகளும் கண்ணாடியில் அசையாமல் கிடந்தன. சமையலறை ஜன்னலிலிருந்து உன் அம்மா, "பொம்மிடியில கரீம் பாய் இருக்காரே, சொல்லியனுப்புனா வந்து பாத்துட மாட்டாரா?" என்றாள். நீ சிரித்தாய். "யாரு, வண்டிக்காரர் காலை ஒடைச்சவரா? முன்னாடி நிக்கிற மாட்டு வண்டியே தெரியாத மனுசனுக்கு வைப்பர் பழுது மட்டும் தெரிஞ்சிடுமாம்மா?" என்றாய். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள் என்பது பேப்பருக்குப் பின்னால் இருந்தும் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் முழு விவரம் தெரியாது; ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். நீ அப்படிச் சொன்னதில் உன் தப்பு ஒன்றுமில்லை. பள்ளிக்கூட நாட்களில் என் செய்திகளை வெட்டி ஒட்டிவைத்த கட்டிங் நோட்டைப் புரட்டும்போது அந்தச் செய்தியைப் படித்திருக்கிறாய். உனக்கு ஆதாரம் நான் எழுதிய நாலு வரி.

முதலில் வைப்பரைச் சொல்கிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. இப்போது வருகிற கார்களில் வைப்பருக்குத் தனியாக மின்சார மோட்டார் உண்டு. நம் கார் அதற்கு முந்தியது. உன் அம்மாவின் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் வாங்கி, தனக்குப் பார்வை குறைந்ததும் நமக்கு அனுப்பிவைத்தது. அதில் வைப்பரை ஓட்டுவது எஞ்சின் இழுக்கும் காற்று. எஞ்சின் மூச்சு இழுக்கும் இடத்திலிருந்து ஒரு ரப்பர் டியூப் கிளம்பி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் உள்ளங்கை அளவு டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் தோல் விளிம்பு வைத்த ஒரு தகடு. காற்று இந்தப் பக்கம் இழுத்தால் தகடு இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம். அதோடு சேர்ந்து வைப்பர் கைகளும் ஆடும். அவ்வளவுதான். ஆனால் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இழுப்பு குறைந்து, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். இது பழுது இல்லை, அந்தக் காரின் சுபாவம். பழகியவர்கள் ஏற்றத்தில் நாலைந்து விநாடிக்கு ஒரு முறை காலை லேசாக எடுப்பார்கள். வைப்பர் இரண்டு வீச்சு வீசும். கண்ணாடி தெளியும். மறுபடி அழுத்துவார்கள். கரீம் பாய் இதைச் செய்யும்போது காரில் இருப்பவர்களுக்குக் குலுக்கல்கூடத் தெரியாது.

இனி அந்த நாள். நம் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். அப்போது தர்மபுரிக்கு ரயில் கிடையாது. என் செய்திக் கவர் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சாயங்கால ரயிலில் ஏறினால்தான் மறுநாள் பேப்பரில் வரும். சாதாரண நாட்களில் பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். பெரிய செய்தி என்றால் நானே காரில் எடுத்துப் போவேன். எனக்கு ஓட்டத் தெரியாது. முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த கரீம் பாய்தான் நம் டிரைவர். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது, கேட் வரும்வரை ஹாரனை உன் கையில் விட்டுவிடுவாரே, அவர்தான். மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் ஓர் ஏரிக்கரை உடைந்தது. நேரில் போய்ப் பார்த்த பத்திரிகைக்காரன் நான் ஒருவன்தான். முதல் பக்கத்தில் வரும் என்று தெரியும். அந்த ஆசையை இப்போது மறைத்து என்ன பயன்? திரும்பி ஊருக்குள் வரும்போது வைப்பர் டியூப் நீளவாக்கில் கிழிந்துபோயிற்று. புதியது சேலத்தில்தான் கிடைக்கும். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கம்பவுண்டரைத் தேடிப்பிடித்து, எனிமா கேனுக்கு வைத்திருந்த சிவப்பு ரப்பர் டியூபில் ஒரு முழம் வெட்டி வாங்கி வந்தேன். டாக்டராகிவிட்ட நீ சிரிப்பாய். கரீம் பாயும் அன்று சிரித்தார். பிறகு அதை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சார், இது வயித்துக்கு வெக்கிற டியூப்புங்க. வண்டிக்கு ஆவாது."

"ஓட்டை இருக்கா?"

"ஓட்டை இல்லீங்க. மெத்துனு இருக்குது. எஞ்சின் சூடு ஏறிச்சுன்னா, இழுக்கிற இழுப்புல தட்டையாச் சப்பிக்கும். உள்ள காத்து போவாது."

"மாட்டித்தான் பாப்பமே பாய்."

மாட்டினார். எஞ்சினைக் கிளப்பியதும் வைப்பர் அழகாக ஓடியது. "பாத்தீங்களா?" என்றேன். "வண்டி ஆறிக் கெடக்குதுங்களே சார். சூட்டுலல்ல பாக்கணும்? மழை விட்டதும் போலாங்களா?" என்றார். "ரயில் நமக்காக நிக்குமா பாய்? கிளம்புங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா என் பொறுப்பு" என்றேன். நான் சொன்ன வார்த்தைகள் அப்படியே இவைதான். அவர் ஏறி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மைல் வரை ஒரு குறையும் இல்லை. மொரப்பூருக்கு ஐந்து மைல் இருக்கும்போது ஒரு நீண்ட ஏற்றம். கரீம் பாய் வழக்கம்போல் காலை எடுத்தார். வைப்பர் அசையவில்லை. இன்னொரு முறை எடுத்தார். அசையவில்லை.

"சார், சப்பிக்கிச்சு."

"அஞ்சு மைல்தானே பாய் இருக்கு."

"ஒரு நிமிசம் ஓரங்கட்டுறேனுங்க. பையில பொயல இருக்குது. கண்ணாடியில தேச்சுவுட்டா தண்ணி நிக்காது, வழுக்கிக்கிட்டு ஓடிரும்."

"ரயிலை விட்டுட்டா எல்லாம் வீணாயிடும். மெதுவா போங்க, நிறுத்த வேணாம்."

அவர் நிறுத்தவில்லை. வலது பக்க ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, மழை முகத்தில் அடிக்க ஓட்டினார். அப்படிப் பார்த்தால் சாலையின் வலது பக்கம்தான் தெரியும். மாட்டு வண்டி இடது ஓரத்தில் நின்றிருந்தது. வண்டிக்காரர் பெயர் முனியப்பன். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரீம் பாய்க்கு நெற்றியில் வெட்டு. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் வந்து சேர்ந்தபோது, நெற்றியில் ரத்தம் வழியக் கரீம் பாய், தர்மபுரிப் பக்கம் போகும் லாரி ஒன்றை நிறுத்தி, முனியப்பனைத் தூக்கிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் என்னிடம், "எப்படிங்க சார் ஆச்சு?" என்று கேட்டார். "டிரைவர் கவனிக்கலைங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். யாரும் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் போன வேறொரு லாரியில் தொற்றிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதம். முக்கால் மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். புகையிலை தேய்க்க அவர் கேட்டது ஒரு நிமிஷம். அந்த முக்கால் மணியில் நான் செய்தது, கவரைப் பிரித்து, ஏரிக்கரைச் செய்திக்குக் கீழே நாலு வரி சேர்த்தது. மழையில் கார் மோதி வண்டிக்காரர் காயம் என்று தொடங்கி, டிரைவர் கரீமின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று போலீசார் தெரிவித்தனர் என்று முடித்தேன். போலீசாருக்கு அதைத் தெரிவித்தவன் நான். என் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் பெயரைப் போட்டேன். இலக்கணப் பிழை இல்லாத, அச்சுக்கோப்பவர் கை வைக்கத் தேவையில்லாத நாலு வரி.

விபத்துக்கு மறுநாள் காலை, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த காரின் பானெட்டைத் திறந்து அந்தச் சிவப்பு டியூபை உருவி எடுத்துவந்தேன். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். கம்பவுண்டருக்கு ஏன் வீண் வம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேஸ் நடந்தது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். டியூபைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூண்டில் நின்ற கரீம் பாயும் சொல்லவில்லை. பேப்பரிலேயே வந்திருக்கிறதே என்று போலீஸ் தரப்பில் என் செய்தியைக் காட்டினார்கள். நான் போலீசைக் கை காட்டியிருந்தேன், போலீஸ் என்னைக் கை காட்டியது. அவருடைய லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள். இரண்டு வருஷம் முடிந்த பிறகும் அவர் அதைப் புதுப்பிக்கவில்லை. பேப்பரில் பெயர் வந்த டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? பொம்மிடிக்குப் போய்ப் பஞ்சர் கடை போட்டார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சேலத்திலிருந்து சரியான டியூப் வாங்கி மாட்டினேன். அது இன்றுவரை நன்றாக இருக்கிறது.

நீ கிளம்பிப் போன மறு வாரம் பஸ் பிடித்துப் பொம்மிடிக்குப் போனேன். கடை முன்னால் அவருடைய மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வாங்கண்ணா. பன்னெண்டு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுதுங்களா? என்ன ஓடலையாம் இப்ப?"

"வைப்பர்தாம்மா."

"அதான பாத்தேன். எங்க வூட்டு ஞாபகம் உங்களுக்கு வைப்பரு நின்னாத்தான் வரும்."

உள்ளேயிருந்து சைக்கிள் டியூபும் கையுமாக வந்த கரீம் பாய், "ஏ, மொதல்ல டீ வெய்யி, அப்பறம் கேஸ் நடத்து" என்றார். தலை நரைத்திருக்கிறது. நெற்றித் தழும்பு அப்படியே இருக்கிறது. என்னிடம் அவர் முதலில் கேட்டது உன்னைப் பற்றி. "பாப்பா எப்படீங்க இருக்குது?" டாக்டராகிவிட்டாய் என்றும், ஏரியூரில் வேலை என்றும், நம் காரை அங்கே கொண்டுபோகப் போகிறாய் என்றும் சொன்னேன். "அந்த வண்டியிலயா? புரட்டாசி மழை வருதுங்களே" என்று கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். "சரி, செவ்வாக்கிழம வந்து பாத்துடுறேனுங்க" என்றார். எனக்காக வந்தார் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. நீயும் நினைக்காதே.

அவர் வருவதற்குள் நான் என் பங்குக்கு இரண்டு புது வைப்பர் ரப்பர் வாங்கிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்து, "அசையாத கைக்கு வளையல் போட்டிருக்கீங்க சார்" என்றார். அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் ஏரியூரில் உனக்கு இதைச் செய்ய ஆள் கிடைக்காது. எஞ்சினை ஓடவிட்டு, வைப்பர் டப்பாவில் சேரும் இடத்தில் டியூபைக் கழற்றி, அதன் வாயில் கட்டைவிரலை வை. விரலை உள்ளே இழுத்துப் பிடித்தால் காற்று அதுவரை வருகிறது, டியூப் மேல் குற்றமில்லை. இழுக்கவில்லை என்றால் டியூபில் வெடிப்போ, அது சேரும் இடத்தில் தளர்ச்சியோ இருக்கும். ஆனால் ஆறின எஞ்சினில் பார்த்ததோடு நிறுத்தாதே. பத்து நிமிஷம் ஓடவிட்டு, பானெட்டுக்குள் கை வைக்கத் தயங்கும் அளவு சூடு வந்த பிறகு மறுபடி விரலை வை. "ஆறுன வண்டியில பாத்தது பாத்ததே இல்லீங்க" என்றார் கரீம் பாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டியூபைப் பார்த்துத்தான் சொன்னார்.

இந்த முறை டியூப் நன்றாக இருந்தது. அடுத்தபடியாக, டப்பாவையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பியைக் கழற்றினார். சுமை இல்லாமல் டப்பா மட்டும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. ஓடியது, ஆனால் சோம்பலாக ஓடியது. கைகளைத் தனித்தனியாக விரலால் ஆட்டிப் பார்த்தார். இடது கை லேசாக வந்தது. டிரைவர் பக்கத்துக் கை, அது சுழலும் தண்டில் துருவேறி, வரவே இல்லை. அங்கேயே பழுது கிடைத்துவிட்டது என்று நான் எழுந்தேன். "உக்காருங்க சார். இது ஒண்ணு. டப்பா ஏன் சோம்பலா ஓடுச்சுன்னு இன்னும் தெரியலைங்களே. ஒரு பழுது கெடச்சதும் எந்திரிச்சுட்டா, இன்னொண்ணு மழையில வந்து பேசும்" என்றார். தண்டில் மண்ணெண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் துருவை இளக்கி, துடைத்து, கிரீஸ் வைத்தார். டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே தகட்டின் தோல் விளிம்பு காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. ஓரத்தில் இடைவெளி விழுந்து காற்று வீணாகியிருக்கிறது. உன் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை வாங்கி ஐந்தாறு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். புதனன்று திரும்பி வந்து பார்த்தபோது தோல் மறுபடி மெத்தென்று ஆகியிருந்தது. இதை வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி முடிவதற்குள், நீயே செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கப் பழைய பேப்பர் கேட்டார். கொடுத்தேன். அதைக் கசக்கிக்கொண்டே, "அந்தச் செவப்பு டியூப்பு என்னாச்சுங்க சார்?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறை அதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் உள்ளே போய், டைப்ரைட்டர் மேஜையின் கீழ் இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். வளைத்துப் பார்த்தார். பிஸ்கட் மாதிரி உடைந்து அவர் கையில் உதிர்ந்தது. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அந்த டியூப் அன்று சூட்டில் சப்பிக்கொண்டது என்பதை இனி யாராலும் சோதித்துக் காட்ட முடியாது. பொருள் கெட்டுவிட்டது, அதைக் கெடவிட்டவன் நான். மிச்சம் இருப்பது என் வாக்கும் அவர் வாக்கும்தான்.

"கோர்ட்டுல ஏன் பாய் நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

தண்ணீர்க் குடத்தோடு உன் அம்மா பின்னால் நின்றிருந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கரீம் பாய் கசங்கிய பேப்பரைப் பிரித்துப் பார்த்து, "உங்க பேப்பரு கண்ணாடி தொடைக்க நல்லா வருதுங்க சார், ஒரு கோடு விழல" என்றார். பத்து நிமிஷத்துக்குப் பிறகு உன் அம்மா வந்து, என்னைப் பார்க்காமல், "ஊத்தட்டுங்களாண்ணா?" என்று அவரிடம் கேட்டு, தண்ணீரை ஊற்றினாள். வைப்பர் ஓடியது அப்போதுதான். நேரம் நாலு இருபது.

உனக்குப் புத்திமதி என்று எழுத எனக்கு இப்போது தகுதி குறைவு. ஆனாலும் இரண்டு விஷயம். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதே. ரப்பர் போகும், கண்ணாடியில் கோடு விழும். ஏற்றத்தில் வைப்பர் நின்றால் காலை எடுத்துப் பார். அப்போதும் ஓடவில்லை என்றால் நிறுத்திவிடு. உன் அவசரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நிறுத்து. பிரசவ வலியோடு ஒருத்தி காத்திருக்கிறாள் என்றாலும், வழியில் சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டு ஒருவர் குனிந்திருப்பார் என்று நினைத்துக்கொள். கரீம் பாய் காரின் சிறு பெட்டியில் ஒரு பொட்டலம் புகையிலை வைத்திருக்கிறார். ஈரக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் படலமாக நிற்காது, அடுத்த ஊர் வரை பார்வை கிடைக்கும். இன்னொன்று உன் வேலையைப் பற்றி. நாளைக்கு ஏதாவது தவறிப்போய், என்ன நடந்தது என்று யாராவது நோட்டோடு வந்து கேட்டால், உன் பக்கத்தில் நிற்கும் நர்சையோ ஆயாவையோ கை காட்டுவது எவ்வளவு சுலபம் என்பது உனக்கே ஆச்சரியமாக இருக்கும். அது பொய் சொல்வது மாதிரியே தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்ன மாதிரிதான் இருந்தது.

இதுவரை நடந்தது இவ்வளவு. இனி முடிவாகாதவை. முனியப்பனை நான் இன்னும் பார்க்கவில்லை. காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார், மகன் வீட்டில் இருக்கிறார் என்று அவர் ஊர்ப் பஸ் கண்டக்டர் சொன்னார், நேரில் உறுதிசெய்யவில்லை. வரும் திங்கட்கிழமை போகிறேன். அந்த நாலு வரிக்குத் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதியிருந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய செய்திக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை, வேண்டுமானால் ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் போடுகிறோம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இதுதான். இரண்டு படி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று நாளைக் காலைப் பஸ்ஸில், ஒரு பென்சிலோடு, பொம்மிடிக்குப் போகிறது. நான் எழுதியதை அச்சுக்கு முன் எவரிடமும் காட்டியதில்லை. இதில் கரீம் பாய் எந்த வரியையும் அடிக்கலாம். தன் பெயரை அடிக்கலாம். முழுவதையும் அடித்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். நேற்று பஸ் ஸ்டாண்டில் அவரிடம் இதைச் சொன்னபோது, "மறந்து போனவங்களுக்கெல்லாம் மறுபடி ஞாபகம் வருமேங்க சார்" என்றார். அந்தக் கவலை நியாயமானது. "வூட்டுல படிக்கச் சொல்லிக் கேக்குறேன். அவ முடிவுதான். அவ கேஸ் நடத்துனா லேசுல முடியாதுங்க" என்று பஸ் ஏறினார்.

காரை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கொண்டுவருகிறேன். பென்னாகரம் ரோட்டில் மேகம் கூடிக்கொண்டிருக்கிறது என்று நேற்று வந்த டிரைவர்கள் சொல்கிறார்கள். மழை பெய்தால் வைப்பரைப் பற்றிய பதில் வழியிலேயே கிடைத்துவிடும். ஓட்டப்போவது நான். என்னோடு வருவதற்குக் கரீம் பாயைக் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு வீட்டில் சம்மதம் என்றால் முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகவும், இடது பக்கம் உட்கார்ந்து சாலையின் இடது ஓரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். பத்து மணி வாக்கில் ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார். இடது பக்கக் கதவு திறந்து ஒருவர் இறங்குகிறாரா என்பதுதான் செய்தி. வியாழக்கிழமை மாலை, இதை எழுதும் நேரம் வரை, அது உறுதியாகவில்லை.

அப்பா